பரிட்டோ கடையின் வளர்ச்சி: பெயர்ப்பலகையை விட்டு அடுப்படியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பரிட்டோ என்ற மெக்சிகோ பாணி ரொட்டிச் சுருளை விற்கும் அமெரிக்க நிறுவனமான சிப்போட்லே சிங்கப்பூருக்கு வருவதைப் பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும் ஒரே வாசகம்தான் காதில் விழுகிறது: "அன்றன்றைக்கு வெட்டிய காய், அன்றன்றைக்குச் சமைத்த இறைச்சி, அதனால்தான் இவ்வளவு வளர்ந்தது." கொரியாவின் எஸ்பிசி குழுமத்துடன் சேர்ந்து தென்கொரியாவிலும் இங்கும் 2026-ல் கடை திறக்கப்போவதாக 2025 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. வரட்டும், சாப்பிட்டுப் பார்ப்போம். ஆனால் அந்த வாசகத்தில் பாதிதான் உண்மை. பச்சைப் பொருளை வைத்துக் கடை நடத்துவது செலவு பிடித்த வேலை, ஆபத்தான வேலையும்கூட. செலவை அவர்கள் சமாளித்த விதமும் ஆபத்தில் மாட்டிக்கொண்ட விதமும் விளம்பரத்தில் வராது.

1993 ஜூலையில் டென்வர் நகரில், பல்கலைக்கழகத்துக்கு அருகே, பழைய ஐஸ்கிரீம் கடை ஒன்று இருந்த இடத்தில் ஸ்டீவ் எல்ஸ் இதைத் தொடங்கினார். முறையாகச் சமையல் படித்தவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் பெயர்பெற்ற 'ஸ்டார்ஸ்' உணவகத்தில் வேலை பார்த்தவர். அந்நகரின் மிஷன் வட்டாரத்து மெக்சிகோ கடைகளில் விற்ற தடித்த பரிட்டோதான் அவருக்கு யோசனையைத் தந்தது. அப்பா கொடுத்த 85,000 அமெரிக்க வெள்ளிதான் முதல். நாளுக்கு 107 பரிட்டோ விற்றால் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு மாதத்துக்குள் விற்பனை ஆயிரத்தைத் தாண்டியது. உயர்தர உணவகம் ஒன்று திறக்கப் பணம் சேர்ப்பதற்காகத் தொடங்கிய கடை இது. அந்த உணவகம் திறக்கப்படவில்லை, பரிட்டோ கடையே பெருகிவிட்டது.

ஏன் பெருகியது? உணவுப் பட்டியலைப் பாருங்கள். உப்பு, சீரகம் வரை சேர்த்துத் தன் சமையலில் 53 பொருள்கள்தான் என்கிறது நிறுவனம். இரண்டு வகைச் சோறு, இரண்டு வகை பீன்ஸ், நாலு சல்சா (மெக்சிகோ பாணிச் சட்னி), சில இறைச்சி வகைகள், சீஸ், புளிப்பு கிரீம், குவாக்கமோலே என்ற அவகாடோ மசியல். இவற்றைப் பெரிய கோதுமை ரொட்டியில் சுற்றினால் பரிட்டோ. ரொட்டி இல்லாமல் கிண்ணத்தில் போட்டால் 'பௌல்'. சின்ன ரொட்டியில் வைத்தால் டாக்கோ, இலைக்கீரையின் மேல் கொட்டினால் சாலட். ஒரே கோழி நாலு பெயரில் விற்றுப்போகிறது. அதனால் எதுவும் தேங்குவதில்லை. தேங்காததால் ஃப்ரீசரே தேவைப்படுவதில்லை. பட்டியல் குறுகியது, அதனால் பொருள் புதிதாக இருக்கிறது. எண்பது வகை உணவை எழுதிப்போட்டுவிட்டு 'எல்லாம் ஃப்ரெஷ்' என்று பலகை வைக்கும் கடைகள் இதைத்தான் தவறவிடுகின்றன.

காலை வேலைகளில் குவாக்கமோலேயை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதில் ஆறே பொருள். நிறுவனமே வெளியிட்ட வீட்டளவு இது: பழுத்த ஹாஸ் அவகாடோ 2, எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி, நறுக்கிய கொத்தமல்லித் தழை 2 மேசைக்கரண்டி, பொடியாக அரிந்த சிவப்பு வெங்காயம் கால் கப், விதையோடு அரிந்த ஹலபீனோ மிளகாய் பாதி, உப்பு கால் தேக்கரண்டி. பழத்தை முதலில் எலுமிச்சைச் சாற்றில் புரட்டி, உப்பிட்டு, கட்டி கொஞ்சம் நிற்கும்படி மசித்த பிறகு மற்றதைச் சேர்க்க வேண்டும். செய்முறை எளிது; பழம்தான் சிக்கல். ஹாஸ் பழம் மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். காம்புப் பக்கம் விரலால் அழுத்தினால் லேசாகக் கொடுக்க வேண்டும். கல்லாக இருந்தால் வெளியே வைக்க வேண்டும், பழுத்துவிட்டால் உடனே குளிரில் வைக்க வேண்டும். ஒரு நாள் முந்தினால் மசியாது, ஒரு நாள் பிந்தினால் நார் கறுத்துவிடும். மசித்ததைக் காற்றுப்பட வைத்தாலும் மேலே பழுப்பேறும். பிளாஸ்டிக் தாளைக் கிண்ணத்தின் வாயில் கட்டாமல் பழத்தின்மேலேயே படிய அழுத்தினால் ஓரளவு தாங்கும். கடையில் ஒரு தவணைக் குவாக்கமோலே செய்யக் கையால் சுமார் 50 நிமிடம் பிடிக்கிறது. இந்த வேலைக்காகவே 2023-ல் 'ஆட்டோகாடோ' என்ற எந்திரத்தை அறிமுகப்படுத்தினார்கள். ஒரு பழத்தைப் பிளந்து, கொட்டையெடுத்து, தோலுரிக்க அதற்குச் சராசரியாக 26 விநாடி. மசிப்பது இன்னமும் ஆள்தான்.

சோறும் அப்படியே. நீள அரிசியைப் பிரிஞ்சி இலையோடு வேகவைத்து, எலுமிச்சைச் சாறும் கொத்தமல்லியும் உப்பும் கலக்கிறார்கள். ஆறிய சோற்றில் கலந்தால் சாறு அடியில் தங்கிவிடும். தண்ணீர் கூடிப்போன சோறு கரண்டி பட்டதும் களியாகும். கோழித் தொடையைப் புகையூட்டிக் காயவைத்த ஹலபீனோ விழுதில் ஊறவைத்துத் தட்டைக் கல்லில் வாட்டுகிறார்கள். (அந்தக் காய்ந்த மிளகாய்க்குத்தான் சிப்போட்லே என்று பெயர்.) கல்லில் நெருக்கி அடுக்கினால் சூடு இறங்கி, இறைச்சி நீர் விட்டு, வறுபடாமல் அவிந்துபோகும். உள்சூடு 74 டிகிரி செல்சியஸைத் தொட்டாக வேண்டும்.

அடுத்தது, வாங்குபவர் கண்முன்னே உணவைச் சேர்த்துத் தரும் அந்த வரிசை. நாசி பாடாங் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைக் கைகாட்டி வாங்கும் நமக்கு அது புதிதல்ல. வேறுபாடு ஆட்களை நிறுத்தும் முறையில் இருக்கிறது. ஒருவர் ரொட்டியைச் சூடாக்குவார், அடுத்தவர் சோறும் இறைச்சியும் போடுவார், அதற்கடுத்தவர் சல்சா வைத்து மடிப்பார், கடைசியில் கல்லா. இவர்கள் யாரும் பின்னால் திரும்பக்கூடாது. காலியாகும் தட்டை நிரப்புவதற்கென்றே பின்னால் ஒருவர் நிற்பார். மடித்த பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டு, பானம் வேண்டுமா என்று கேட்டுக் கல்லாவுக்குத் தள்ள இன்னொருவர். நெரிசல் நேரத்தில் இந்த இருவரில் ஒருவரை மிச்சம்பிடித்தால் வரிசை முழுவதும் நின்றுவிடும். 15 விநாடிக்கு ஒருவர் நகர்ந்தால் மணிக்கு 240 பேர். 25 விநாடி ஆனால் 144 பேர்தான். மதிய நேரத்து லாபம் அந்தப் பத்து விநாடியில் இருக்கிறது. இணையத்தில் வரும் ஆர்டர்களுக்குப் பின்கட்டில் தனி வரிசை போட்டதற்கும் இதுதான் காரணம். இல்லையென்றால் முன்னால் நிற்பவர் காத்துக் கிடப்பார்.

ரொட்டி கிழிவதும் அடிக்கடி நடப்பது. சூடு போதாவிட்டால் மடிப்பில் விரிசல் விழும். சல்சாவை நீர் வடிக்காமல் போட்டால் அடி ஊறிப் பிய்யும்.

1998-ல் மெக்டொனால்ட்ஸ் முதலீடு செய்தபோது கடைகள் 16. 2006-ல் அது விலகியபோது ஐந்நூற்றுக்கு மேல். பணத்தோடு, பொருள்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடும் அங்கிருந்து கிடைத்தது. 2006 ஜனவரியில் 22 அமெரிக்க வெள்ளிக்கு வந்த பங்கு முதல் நாளிலேயே இரட்டித்தது. 2024 முடிவில் 3,700-க்கு மேற்பட்ட கடைகள், ஆண்டு விற்பனை சுமார் 11.3 பில்லியன் அமெரிக்க வெள்ளி. அமெரிக்காவில் உரிமம் கொடுத்துக் கடை திறக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை, எல்லாமே சொந்தக் கடை. இதை இங்கே கவனிக்க வேண்டும். 2024-ல் குவைத்தில் அல்ஷாயா குழுமத்தை வைத்துத் தொடங்கியதிலிருந்துதான் வெளிநாட்டில் கூட்டாளிகளிடம் கொடுக்கிறார்கள். சிங்கப்பூர்க் கடையும் எஸ்பிசியோடு சேர்ந்த கூட்டு முயற்சியே. அடுப்படி ஒழுங்கு முழுவதும் சொந்த மேலாளர்களை நம்பி வளர்ந்த நிறுவனம், அதைக் கூட்டாளிக்கு எப்படிக் கைமாற்றும் என்பதே என் முதல் கேள்வி.

ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதை 2015 காட்டிவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சிமி வேலியில் வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸ். அதையொட்டி மினசோட்டாவில் தக்காளியால் சால்மனெல்லா கிருமி. அக்டோபரிலிருந்து பல மாநிலங்களில் ஈ.கோலி ஓ26 என்ற குடல் கிருமி, இரு அலைகளிலும் சேர்த்து 60 பேருக்குத் தொற்று உறுதியானது. டிசம்பரில் பாஸ்டனில் கல்லூரி மாணவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் மறுபடியும் நோரோவால் விழுந்தார்கள். ஈ.கோலி எந்தப் பொருளில் வந்தது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. காரணம் அந்தக் குறுகிய பட்டியலேதான். எல்லாரும் எல்லாவற்றையும் கலந்து சாப்பிட்டிருந்தால் எதைச் சந்தேகிப்பது? 2016 முதல் காலாண்டில், ஏற்கெனவே நடந்துவந்த கடைகளின் விற்பனை முந்தைய ஆண்டைவிட 29.7 விழுக்காடு சரிந்தது.

அதன்பின் செய்த மாற்றங்களை நம் ஊர்க் கடைக்காரர்களும் படித்துவைக்கலாம். வெங்காயம், ஹலபீனோ, எலுமிச்சை, அவகாடோ ஆகியவற்றை வெட்டுவதற்கு முன் கொதிநீரில் 5 விநாடி முக்கி எடுத்தார்கள். கிருமி தோலின்மேல் இருக்கிறது, கத்திதான் அதை உள்ளே கொண்டுபோகிறது. அந்த 5 விநாடியில் தோல் மட்டும் சூடாகும், உள்ளே வேகாது. அவகாடோவை உரித்துத்தானே எடுக்கிறோம், எதற்குக் கழுவ வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். அரிந்த வெங்காயத்தை எலுமிச்சைச் சாற்றில் புரட்டி வைத்தார்கள். கொத்தமல்லியைச் சோறு சூடாக இருக்கும்போதே சேர்த்தார்கள். தக்காளிக்குக் கடையில் இந்த வித்தை பலிக்காது என்பதால் மையக் கூடத்தில் கழுவி, வெட்டி, பரிசோதித்து, மூடி அனுப்பினார்கள். 'கடையிலேயே வெட்டுகிறோம்' என்று பெருமை பேசிய நிறுவனம் தக்காளியை வெளியே வெட்ட வேண்டிவந்தது. என் கணக்கில் இது சரியான முடிவு. புதியது என்பதும் பாதுகாப்பானது என்பதும் ஒன்றல்ல.

நோரோவுக்கு இவை எதுவும் உதவாது. அது காயில் வருவதைவிட ஆளோடு வருவதுதான் அதிகம். வாந்தி பேதியோடு வேலைக்கு வந்தவரை வீட்டுக்கு அனுப்பினால்தான் நிற்கும். சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தால்தான் அவர் உடம்பு சரியில்லை என்று வாயைத் திறப்பார். 2018-ல் ஒஹாயோவின் பவலில் 600-க்கு மேற்பட்டோரைப் படுக்கவைத்த கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் இன்னொரு ரகம். வெந்த பீன்ஸும் இறைச்சியும் வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகும் கிருமி அது. சூடான உணவு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ், நடுவில் தங்கக்கூடாது. வெப்பமானியைச் செருகிப் பார்ப்பதைத் தவிர குறுக்கு வழி கிடையாது. 2015 முதல் 2018 வரை 1,100-க்கு மேற்பட்டோர் நோயுற்ற வழக்குகளுக்காக 2020 ஏப்ரலில் 25 மில்லியன் அமெரிக்க வெள்ளி அபராதத்துக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இடையில் ஒரு செய்தி, நமக்கு நெருக்கமானது. 2011-ல் வாஷிங்டனில் 'ஷாப்ஹவுஸ்' என்று தென்கிழக்காசிய உணவுக் கடை ஒன்றை இதே நிறுவனம் திறந்தது. நம் கடைவீடுகளின் பெயர்தான். அதே வரிசை, அதே கிண்ணம், உள்ளே மட்டும் கறியும் நூடல்ஸும். 15 கடைகளோடு நின்று 2017-ல் மூடப்பட்டது. பரிட்டோ வரிசை மட்டும் இருந்தால் எதையும் விற்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் அதை மறக்க வேண்டாம்.

கடைசியாக, வாங்குபவர் கவனிக்க வேண்டியவை. இறைச்சி ஒரு பங்கு 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம். ஆனால் அளப்பது கரண்டி, தராசு இல்லை. 2024-ல் பங்குச்சந்தை ஆய்வாளர் ஒருவர் நியூயார்க்கின் 8 கடைகளில் ஒரே மாதிரியான 75 கிண்ணங்களை வாங்கி நிறுத்துப் பார்த்தபோது சுமார் 390 கிராமிலிருந்து 760 கிராம் வரை இருந்தது. கோழி, வெள்ளைச் சோறு, கறுப்பு பீன்ஸ், தக்காளி சல்சா, சீஸ், குவாக்கமோலே வைத்த பரிட்டோ, நிறுவனத்தின் அமெரிக்கக் கணக்குப்படி 1,200 கலோரியைத் தொடும். ரொட்டி மட்டுமே 320. சோடியமோ ஒரு நாளைக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் 2,000 மில்லிகிராம் வரம்பைத் தாண்டிவிடும். ரொட்டியை விட்டுக் கிண்ணமாக வாங்கி, சல்சாவைக் குறைத்தால் இரண்டும் நன்றாக இறங்கும். குவாக்கமோலேக்கு அமெரிக்காவில் தனிக் காசு. இறைச்சி இல்லாத பரிட்டோ வாங்கினால் அங்கே அது விலையிலேயே அடங்கும். பின்டோ பீன்ஸில் ஒரு காலத்தில் பேக்கன் (பன்றி இறைச்சி) போட்டு வேகவைத்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். இந்த இரண்டும் இங்கே எப்படி இருக்கும் என்பதைச் சைவம் சாப்பிடும் வாசகர்கள் முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
உணவகத் தொழிலில் உள்ள வாசகர்,
சிங்கப்பூர்