பிளீச்சிங் பவுடருக்கு முன்னால் பிரஷ்

ஆசிரியருக்கு வணக்கம்.

தண்ணீர்த் தொட்டி பராமரிப்பு பற்றிச் சென்ற வாரம் வந்த குறிப்பில், பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஊறவிட்டுத் திறந்துவிடச் சொல்லியிருந்தீர்கள். தேய்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாதி வேலையே அதுதான்.

எங்கள் வீட்டில் 20 லிட்டர் கேன் கவிழ்த்து வைக்கிற டிஸ்பென்சர் உண்டு. போன மாதம் அதன் குழாயைக் கழற்றி, உள்ளே சுண்டு விரலை விட்டேன். வெண்டைக்காய் நறுக்கிய கத்தி மாதிரி ஒரே வழுவழுப்பு. தண்ணீர் என்னவோ பளிங்கு போலத்தான் வந்துகொண்டிருந்தது!

அந்த வழுவழுப்பு பாக்டீரியா கட்டிய வீடு. நீரில் மிதந்து வரும் பாக்டீரியா சுவரில் முதலில் பட்டும் படாமலும்தான் ஒட்டும். அப்போது அது பிய்த்துக்கொண்டு போகவும் கூடும். அப்புறம் மயிரிழை போன்ற நீட்சிகளால் பிடித்துக்கொண்டு, சர்க்கரைப் பொருளும் புரதமும் கலந்த பசையைச் சுரந்துவிட்டால் வெறும் தண்ணீருக்கு அசையாது. அதன்மேல் இன்னும் பல வந்து குடியேறும். 'பயோஃபிலிம்' என்பது இதைத்தான். குளோரினை ஊற்றினால் மேலடுக்கோடு வினைபுரிந்தே அதன் வீரியம் தீர்ந்துவிடுகிறது. அடியில் இருப்பவை தப்பித்து மறுபடி பெருகும்.

இது புதுச் செய்தியும் அல்ல. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லீவன்ஹூக், தன் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டித் தன் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, 1683-ல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். சுரண்டிய அழுக்கில் வினிகரைக் கலந்தால் அதிலிருந்த நுண்ணுயிர்கள் செத்தன. அதே வினிகரால் வாய் கொப்பளித்தபோது பல்லில் இருந்தவை பிழைத்துக்கொண்டன. வெளிப்புறத்தில் இருந்தவை மட்டுமே செத்திருக்க வேண்டும், வினிகர் உள்ளே இறங்கவில்லை என்று அவரே ஊகித்தார். மவுத்வாஷ் இருக்கிறதே, பல் எதற்குத் தேய்க்க வேண்டும் என்று கேட்கும் என் பேரனுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

ஆகவே முதலில் தண்ணீரை வடித்து, மூலைகளையும் குழாய் வாயையும் நைலான் பிரஷ்ஷாலோ தேங்காய் நாராலோ தேய்த்துக் கழுவ வேண்டும். பிளீச்சிங் பவுடர் அதற்குப் பிறகுதான். பிளாஸ்டிக் தொட்டிக்குக் கம்பி நார் மட்டும் வேண்டாம். அது போடும் கீறல்கள் பாக்டீரியா உட்காரத் தோதான இடம்.

அந்தக் குறிப்பை மறுபடி போடும்போது இதையும் சேருங்கள். டிஸ்பென்சர் குழாய்க்கும் இரண்டு வரி ஒதுக்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
தஞ்சாவூர்