பரணிலிருந்து இறங்கிய ராட்டை

ஆசிரியருக்கு,

வீட்டுப் பழம்பொருள்கள் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். அதோடு அமெரிக்கக் கதை ஒன்று. 1876இல் அமெரிக்க சுதந்திரத்தின் நூற்றாண்டுக்காக நடந்த பிலடெல்பியா கண்காட்சியில், மரக்கட்டை வீட்டுக்குள், பிரிட்டிஷ் ஆட்சிக்கால நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி) சமையலறையை அப்படியே அமைத்தார்கள். அகன்ற அடுப்பு, தொட்டில், ராட்டை. பழங்கால உடையில் பெண்கள் சாப்பாடு பரிமாறினார்கள். அப்புறம் பல வீடுகளில் ராட்டை பரணிலிருந்து இறங்கி வரவேற்பறைக்கே வந்துவிட்டது. நூற்பதற்கு அல்ல, நூற்பு எப்போதோ ஆலைக்குப் போயிருந்தது. அந்த ஆலைகளில் உழைத்தவர்களில் ஏராளமானோர் அயர்லாந்திலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த குடியேறிகள் என்பதுதான் வேடிக்கை.

பாட்டியின் ராட்டை பாசத்துக்குரியதுதான், சரி. ஆனால் ‘நாங்கள் முந்தி வந்தவர்கள்’ என்று சொல்லாமல் சொல்லவும் அது உதவியது. குடியேறிகளுக்கு எதிர்ப்பு வளர்ந்த காலம் அது. 1882இல் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரத் தடைச் சட்டம் வந்தது. 1890இல் தொடங்கிய ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ சங்கத்தில் சேர, சுதந்திரப் போருக்கு உதவிய மூதாதையரைக் காட்டவேண்டும். அதன் சின்னமே ராட்டைதான். 1894இல் பாஸ்டனில், பழங்குடும்பத்து இளைஞர்கள் குடியேற்றக் கட்டுப்பாட்டுக்கென்றே தனிச் சங்கம் தொடங்கினார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்