கதவைப் பெயர்க்கும் மருந்து

அன்புள்ள சேகர்,

அப்பா ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு வந்துவிட்டார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கொலிஸ்டின் போட்டதில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறிவிட்டது என்று எழுதியிருந்தாய். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒருகாலத்தில் ஓரங்கட்டிய பழைய ஆண்டிபயாடிக் அது. வேறெதற்கும் கிருமி மசியாததால் மறுபடி பரணிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். கிருமி அதையும் எதிர்க்க உதவும் மரபணு ஒன்றை 2015இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள்.

'பாலிமர் மருந்து வருகிறதாமே, உன் சப்ஜெக்ட்தானே' என்று கேட்டிருந்தாய். 2016இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ஷு லாம் என்ற ஆராய்ச்சி மாணவியும் அவருடைய குழுவும் செய்ததைத்தான் சொல்கிறாய் என்று நினைக்கிறேன். பாலிமர் என்றால் சின்னச் சின்ன மூலக்கூறுகள் கோத்த நீளச் சங்கிலி. இது நட்சத்திர வடிவப் பாலிமர். நடுவிலிருந்து 16 அல்லது 32 கைகள். கைகள் முழுக்க லைசின், வாலின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள். லைசினின் நேர்மின்னூட்டம் கிருமியின் எதிர்மின்னூட்டச் சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரோடு சேராத வாலின் சவ்வுக்குள் நுழைய உதவும். சவ்வு கிழியும், கிருமி சாகும்.

ஹாஸ்டலில் சாவியைத் தொலைத்துவிட்டு நீ கதவையே பெயர்த்தாயே, அதே வித்தைதான். ஆண்டிபயாடிக் பெரும்பாலும் சாவி மாதிரி, கிருமி பூட்டை மாற்றினால் தீர்ந்தது. இதற்குப் பூட்டு தேவையில்லை. சோதனைக்கூடத்தில் 600 தலைமுறை வளர்த்தும் சோதித்த கிருமிக்கு எதிர்ப்பு வரவில்லையாம். கொலிஸ்டினுக்கு அடங்காததையும் கொன்றது.

ஆனால் உன் அப்பாவுக்காக இதை நம்பிக் காத்திருக்காதே. அது எலியில் நடந்த சோதனை. நம் ரத்த அணுவுக்கும் சவ்வு இருக்கிறதே! அந்தச் சவ்வுக் கொழுப்பின் வெளி அடுக்கில் மின்னூட்டம் ஏறக்குறைய இல்லை என்பதுதான் நமக்கு முக்கியப் பாதுகாப்பு. தண்ணீரோடு சேராத பங்கு கொஞ்சம் கூடினால் போதும், பாலிமர் சிவப்பணுவையும் உடைக்கும். தவிர, ஒரே உலையில் செய்தாலும் பாலிமர் சங்கிலிகள் ஒரே நீளத்தில் அமைவதில்லை. ரத்தத்தில் ஏற்றும் மருந்துக்கு அது பெரிய தலைவலி. உடம்புக்கு வெளியே என்றால் கதை வேறு. பாலிஹெக்சானைடு என்ற பாலிமர் காயக் கட்டிலும் கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. உன் மருந்துக்கடை ஷெல்ஃபிலேயே இருக்கும், லேபிளைப் பார்.

கடை என்றதும் ஒன்று. கோபித்துக்கொள்ளாதே. சீட்டில்லாமல் வருபவனுக்கு இன்னும் அஜித்ரோமைசின் என்ற ஆண்டிபயாடிக்கில் மூன்று மாத்திரை கிழித்துக் கொடுக்கிறாயாடா?

பொங்கலுக்கு வருகிறேன். அப்பாவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் என்றால் உயிர். உப்புக்கு டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுது. அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
முரளி