காற்றைத் திருப்பியது போதும், கடலுக்கு வேலை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் பழைய வீடியோ கேம்கள் புது மெருகோடு திரும்ப வருவதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படம் பளிச்சென்று ஆகி, வேகமும் கூடிவிட்டால் பழைய விளையாட்டு புதுசாகிவிடும் என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே ஒரு விளையாட்டை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அது ஒன்றைத்தான் நான் இருபது வருஷமாகத் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருக்கிறேன். நிண்டெண்டோவின் 'செல்டா' வரிசையில் வந்த 'தி விண்ட் வேக்கர்'. 2002 டிசம்பரில் ஜப்பானில் வெளியானது.

எங்கள் வீட்டுக்கு அது 2004-இல் வந்தது. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வரும்போது கோடாலித் தைலம், சாக்லேட் டப்பாக்களோடு கேம்கியூப் என்கிற நிண்டெண்டோ விளையாட்டுப் பெட்டியையும் கொண்டுவந்தார். வளவை ஒட்டிய அறையில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஆடுவோம். சித்திரை வெயிலுக்கு அந்தத் தரையின் குளிர்ச்சியே பாதி சுகம். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. ஒரு தடவை ஒன்றரை மணி நேரம் கடலுக்கடியிலிருந்து புதையல் எடுத்து, சேமிக்க மறந்து, பொசுக்கென்று கரண்ட் போய், அழுதிருக்கிறேன். இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சேமிக்காதது நான்.

ஆடாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்னத் தீவில் பாட்டியோடும் தங்கச்சியோடும் இருக்கிற பையன். அந்தத் தீவில் குறிப்பிட்ட வயது வந்த பையன்களுக்குப் பிறந்தநாளன்று பச்சைச் சட்டை போட்டுவிடுவார்கள். அன்றைக்குப் பார்த்து ஒரு ராட்சதப் பறவை தங்கச்சியைத் தூக்கிப்போய்விடுகிறது. மீட்கப் புறப்படுகிறான். வழியில் ஒரு படகு கிடைக்கிறது, அது பேசும். கடல் ஏழுக்கு ஏழு, 49 கட்டம், கட்டத்துக்கு ஒரு தீவு. 2001-இல் படத்தை முதலில் காட்டியபோது இது என்ன கார்ட்டூன் மாதிரி இருக்கிறது என்று ஆளாளுக்குத் திட்டினார்களாம். இன்றைக்கு அந்த நாளில் வந்த 'நிஜம் மாதிரி' விளையாட்டெல்லாம் பழசாகிக் கிடக்க, இது மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே முகத்தில் கை வைக்க வேண்டாம். அந்தப் பையனின் பெரிய கண்ணைக் கூர்மையாக்கி, தோலில் வியர்வைத் துளி வைத்து, இதெல்லாம் ஒன்றும் தேவையில்லை.

என் குறை காற்றைப் பற்றியது.

படகு பாய்மரப் படகு. பின்னாலிருந்து காற்று அடித்தால் பறக்கும், எதிர்க்காற்றில் திணறும். அதற்காகப் பையன் கையில் ஒரு மந்திரக்கோல் கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்து மேலே, இடது, வலது என்று அசைத்தால் ஒரு சின்ன ராகம் வரும், எட்டுத் திசையில் எந்தத் திசைக்கு வேண்டுமோ அந்தத் திசைக்குக் காற்றைத் திருப்பிவிடலாம். டிராகன் ரூஸ்ட் தீவிலிருந்து நேர் தெற்கே ஃபாரஸ்ட் ஹேவன் போக வேண்டுமா, கோலை எடு, அசை, தெற்கைக் காட்டு, பாயை விரி. பிறகு சில நிமிஷம் ஒரே நீலம். மேற்கே திரும்ப வேண்டுமா, மறுபடி கோலை எடு. (நம்மிடம் காற்றுக்கு அது எங்கிருந்து வருகிறதோ அதை வைத்துத்தான் பெயர், வடக்கிலிருந்து வந்தால் வாடை. அங்கே அது எங்கே போகிறதோ அந்தத் திசையைத் தொட வேண்டும். முதல் நாள் முழுக்க நான் படகைத் தலைகீழாக ஓட்டினேன்.)

எங்கள் ஐயா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். டெக் டிக்கெட். பாய்மரம் இல்லாத கப்பலில் பாய் விரித்துப் படுத்துப் போனேன் என்று சொல்லிச் சிரிப்பார். ஒரு நாள் நான் ஐந்தாறு தடவை காற்றைத் திருப்பியதைப் பார்த்துவிட்டு, "காத்த அவன் இஷ்டத்துக்குத் திருப்புறானே, அப்பறம் என்னத்துக்குடா பாய்மரம்? ஒரு மோட்டாரப் போட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதானே" என்றார்.

அவர் கிண்டலுக்குச் சொன்னது 2013-இல் நடந்துவிட்டது. நிண்டெண்டோவின் பிந்தைய பெட்டியான வீ யூவுக்காகப் புதுப்பித்தபோது வேகப் பாய் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதைக் கட்டிக்கொண்டால் படகு இன்னும் விரைவாகப் போகும், எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்று தானாகப் பின்னால் வந்து நின்றுகொள்ளும். சிங்கப்பூரில் மச்சான் வீட்டில் ஒரு வாரம் அதை ஆடினேன். சௌகரியமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மூன்றாம் நாளே எனக்கு ஒன்று புரிந்தது, கடல் போரடிக்கிறது என்று ஆட்கள் சொன்னதற்கு இவர்கள் கடலைச் சீக்கிரம் கடக்க வழி செய்திருக்கிறார்களே தவிர, கடலில் ஏன் ஒன்றுமே இல்லை என்று யோசிக்கவே இல்லை. சாப்பாடு ருசியில்லை என்றால் தட்டைச் சின்னதாக்கிக் கொடுத்த மாதிரி.

காற்றுக்கு முறை வைத்திருக்கலாம். தொண்டிப் பக்கம் போய்க் கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாடை எப்போது, கொண்டல் எப்போது, சோழகம் விழுந்தால் எந்தப் பக்கம் போகக் கூடாது என்று காலண்டர் பார்க்காமல் சொல்வார்கள். அந்த விளையாட்டில் இதற்கு வேண்டிய சரக்கு ஏற்கெனவே இருக்கிறது. பகல் உண்டு, இரவு உண்டு, நிலா தேய்கிறது, வளர்கிறது. பேய்க்கப்பல் ஒன்று வரும், அது நிலா எந்த அளவில் இருக்கிறதோ அதற்குத் தகுந்த மாதிரி வேறு வேறு தீவுப் பக்கம் தட்டுப்படும். அதைக் கண்டுபிடித்து அதற்காகக் காத்திருந்து ஏறிய ராத்திரி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதே நிலாவோடு காற்றையும் கட்டிவிட்டால் என்ன? வளர்பிறையில் இந்தப் பக்கம், தேய்பிறையில் அந்தப் பக்கம். ஆடுகிறவன் நாலு நாளில் கற்றுக்கொள்வான். இன்றைக்குத் தெற்கே போக முடியாது, சரி, கிழக்கே அந்தத் தீவில் ஒரு வேலை பாக்கி இருக்கிறதே என்று திட்டம் போடுவான். மந்திரக்கோலைப் பிடுங்கச் சொல்லவில்லை, விளையாட்டின் பெயரே அதுதான். ஒரு பொழுதுக்கு ஒரு தடவைதான் என்று வைக்கட்டும். தெய்வத்திடம் கேட்பதற்கு ஒரு அளவு வேண்டாமா? காற்றுக்கு இரண்டு தவளைச் சாமி வைத்திருக்கிறார்கள், கேட்டால் கேட்டதுதான், ஒரு வேண்டுதல் கிடையாது, காணிக்கை கிடையாது.

அடுத்தது வியாபாரம். செட்டிநாட்டுக்காரன் இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கொண்டுவிற்கப் போனவர்கள் வழியில் வந்த எனக்கு, 49 தீவு இருந்தும் எல்லா இடத்திலும் ஒரே விலை என்பதைத் தாங்க முடியவில்லை. பீடில் என்று ஒருத்தன், படகிலேயே கடை வைத்துக் கடல் முழுக்கச் சுற்றுகிறான். எனக்கு அந்த விளையாட்டிலேயே ரொம்பப் பிடித்த ஆள். ஆனால் வடக்கே வாங்கினாலும் தெற்கே வாங்கினாலும் அவனிடம் தூண்டில் இரைக்கு ஒரே காசுதான். காசுக்குப் பெயர் ரூபி, ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் நம் ரூபாய்க்குப் போடுகிற அதே எழுத்து. விலை மாறுகிற ஒரு கடை என்றால் விண்ட்ஃபால் தீவின் வெடிகுண்டுக் கடை. அந்தக் கடைக்காரன் அநியாயத்துக்குப் பத்தாயிரம் ரூபி என்பான். கொள்ளைக்காரக் கூட்டம் வந்து அவனைக் கட்டிப்போட்டுவிட்டுச் சரக்கை எடுத்துக்கொண்டு போகும். அதற்கப்புறம் விலை ஒழுங்காகிவிடும். வட்டிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளையாக எனக்கு அந்தக் காட்சி கொஞ்சம் சங்கடம்தான்.

நல்ல வியாபாரத்துக்கு ஒரு விதையும் உள்ளே இருக்கிறது, பலர் கவனித்திருக்க மாட்டார்கள். மூன்று தீவுகளில் கொரோன் என்கிற இனத்து வியாபாரிகள் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் போக, விண்ட்ஃபாலில் சுனாரி என்று ஒரு கடைக்காரன், நமக்கு 80 ரூபிக்குப் பாயை விற்கிறவன், குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டையைக் கழற்றவே மாட்டான். அவன் கடைக்குச் சரக்குச் சேர்க்க ஒரு பூவைக் கொண்டுபோய் ஒரு கொரோனிடம் கொடுத்து, அவன் கொடுக்கிற வேறு பொருளை இன்னொரு கொரோனிடம் கொடுத்து, இப்படி மாற்றி மாற்றிக் கடலை நாலு சுற்றுச் சுற்றினால் ஊரே பூவும் கொடியும் சிலையுமாக நிறைந்துவிடும். அந்தச் சில மணி நேரம்தான் எனக்குக் கடல் காலியாக இல்லை. கையில் சரக்கு இருக்கிறது, அங்கே ஒருத்தன் காத்திருக்கிறான். அதே கடல், அதே வேகம், அலுப்பு எங்கே போயிற்று? ஆனால் ஒரு தடவைதான் அது. முடிந்தால் முடிந்தது. அதைத் தீவுக்குத் தீவு விரித்து, இங்கே மலிவு அங்கே கிராக்கி என்று வைத்து, ஒரு தீவில் ஒரு கிட்டங்கி (சரக்குக் கிடங்கு), அதில் வேலை பழகுகிற ஒரு பெட்டியடிப் பையன் என்று போட்டுக்கொள்ள விட்டால் நான் இன்னும் பத்து வருஷம் ஆடுவேன். இது குழந்தைகள் விளையாட்டு, கணக்குப்பிள்ளை வேலை இல்லை என்று சிலர் சொல்லலாம். எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் அந்த வயதுப் பிள்ளைகளைத்தான் கப்பலேற்றினார்கள்.

கடிதமும் அப்படித்தான். தீவுக்குத் தீவு தபால் பெட்டி இருக்கிறது, சிறகு முளைத்த தபால்காரர்கள் இருக்கிறார்கள், பையனுக்கு அவ்வப்போது கடிதம் வருகிறது. அவன் ஊரை விட்டுப் போன ஏக்கத்தில் பாட்டி படுத்த படுக்கையாகி, தூக்கத்தில் அவன் பெயரையும் தங்கச்சி பெயரையும் சொல்லிப் புலம்புவாள், நாமாகத் திரும்பிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அந்த இடத்தில் நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய் அப்பத்தாவைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்று வருஷக் கணக்கு என்று ரங்கூன் போனவர்கள் வீட்டுப் பெட்டகத்தில் கட்டுக் கட்டாகக் கடிதம் கிடக்கும். இந்தப் பையனுக்கு, தானாக ஒரு வரி பாட்டிக்கு எழுதிப் போட வழி இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. செய்வதற்கு ஒன்றும் பெரிய வேலையும் இல்லை.

மற்றக் குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. கடைசியில், உடைந்துபோன ஒரு மந்திர முக்கோணத்தின் எட்டுத் துண்டுகளைக் கடலில் தேட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம், அதைப் படித்துச் சொல்ல டிங்கிள் என்கிற கோமாளிக்குத் தலைக்கு 398 ரூபி, ஆக 3184. புதுப்பித்தபோது மூன்று வரைபடத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று குறைத்தார்கள், நல்லது. நேரம் போதாமல் இரண்டு நிலவறைகளை வெட்டிவிட்டோம் என்று இயக்குநர் எய்ஜி அவோனுமா பின்னால் ஒப்புக்கொண்டார். அவற்றைத் திரும்பச் சேர்த்தால் சந்தோஷம், சேர்க்காவிட்டாலும் நான் செத்துவிட மாட்டேன்.

ஆனால் கடலுக்கடியில் இருப்பதை விடக் கூடாது. அந்தக் கடலுக்குக் கீழே ஒரு பழைய ராஜ்யம் முழுகிக் கிடக்கிறது, அதுதான் கதையின் உயிர். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் நாம் என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. எங்கள் வீடுகளை இவ்வளவு உயரமான மேடை மேல் கட்டியது அந்தக் கடல் பயத்தில்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ராஜ்யத்துக்குள் நிஜமாகவே இறங்குகிறோம். நிறமெல்லாம் போய், காலம் உறைந்துபோய் நிற்கிற அந்தக் கோட்டையைப் பார்த்தபோது மூச்சு நின்றது. அப்புறம்? ஒரு கோட்டை, முன்னால் கொஞ்சம் வெளி, அவ்வளவுதான். மேலே படகிலிருந்து கொக்கி விட்டு நாம் இழுப்பதும் பெரும்பாலும் பெட்டி, பெட்டிக்குள் காசு. ஒரு ஊர் முழுகியிருந்தால் காசு மட்டுமா கிடைக்கும்? ஒரு கதவு நிலை வரட்டும், ஒரு குழந்தையின் மரப்பாச்சி வரட்டும், யாரோ எழுதிய கணக்குச் சுவடி வரட்டும். அதைத் தீவுக்காரர் யாரிடமாவது காட்டினால், இது எங்கள் பாட்டி சொன்ன ஊர் என்று ஒருவர் சொல்லட்டும்.

2025 ஜூனில் நிண்டெண்டோவின் புதுப் பெட்டியான ஸ்விட்ச் 2 வந்தபோது இதன் பழைய பதிப்பையே, வேகப் பாய் இல்லாமல், மறுபடி ஆட வழி செய்தார்கள். இப்போது என் பையன் ஆடுகிறான். அதே அறை, அதே தரை, ஐயாவின் நாற்காலியில் நான். முதல் நாளே, "அப்பச்சி, போய்க்கிட்டே இருக்கு, ஒண்ணுமே வரல" என்றான். பேய்க்கப்பலைப் பற்றிச் சொன்னேன். அதற்கப்புறம் மாடி ஏறி நிஜ நிலாவைப் பார்த்துவிட்டு வருகிறான், இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைடா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இந்த வாரம் டிங்கிளுக்குக் கொடுக்க 60 ரூபி குறைகிறதாம், என்னிடம் கைமாற்றுக் கேட்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கோட்டையூர்