தாடை வீங்கினால் சாணத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பறக்கை பக்கம் கறவை மாடு வளர்க்கிறேன். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குளத்தங்கரையிலும் அறுத்த வயலிலும் ஈரம் காய்வது அபூர்வம். அங்கே வாழும் நத்தைகள் மூலம்தான் மாட்டின் வயிற்றில் ஒட்டி வாழும் தட்டைப்புழு பரவுகிறது. நத்தையிலிருந்து வெளிவரும் இளம்புழு தண்ணீரோரப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். மாடு அந்தப் புல்லை மேய்ந்தால் போதும்.

தீவனம் குறையாமலே பால் குறையும். சாணம் தண்ணீராகப் போய் நாறும். அப்புறம் தாடைக்கு அடியில் பை மாதிரி நீர் கோர்க்கும், அழுத்தினால் விரல் பதியும். இதைக் கண்டும் பலர் அஜீரணம் என்று சுக்கும் மிளகும் இடித்துக் கொடுக்கிறார்கள். சிலர் கடையில் ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்தை வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். அது உருண்டைப்புழுவுக்குக் கேட்கும். இரைப்பையில் ஒட்டியிருக்கும் தட்டைப்புழுவுக்கு ஆக்ஸிகுளோசனைடு போல வேறு மருந்து வேண்டும். சினை பிடித்த புதிதில் ஆல்பெண்டசோல் கொடுத்தால் கருவுக்கே ஆபத்து.

கொஞ்சம் புதுச்சாணத்தைச் சோதித்தாலே எந்தப் புழு என்று முட்டையை வைத்துச் சொல்லிவிடலாம். முகாம்களில் சினை ஊசியோடு நிறுத்தாமல், மழைக்கு முன்னும் பின்னும் ஊர் ஊராகச் சாணப் பரிசோதனை நடத்தும்படி கால்நடைத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாடு வளர்ப்பவர்,
பறக்கை, கன்னியாகுமரி மாவட்டம்