கிட்டார் பிரிட்ஜை மாற்றும் முன்

அன்புள்ள கண்ணா,

கிட்டாரில் சுருதி நிற்கவில்லை, கம்பியும் அறுகிறது, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை மாற்றிவிடவா என்று கேட்டிருந்தாய். பொறு. அறுந்த கம்பியை எடுத்துப் பார். எப்போதும் சேடிலை (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சிறு துண்டு) தொடும் இடத்திலேயே அறுந்தால் அங்கே பிசிறு இருக்கிறது. 1000 நம்பர் வாட்டர் பேப்பரை மெல்லியதாகச் சுருட்டி, கம்பி ஓடும் திசையிலேயே நாலு இழுப்பு இழு. குறுக்கே தேய்க்காதே, புதுப் பள்ளம் விழும்.

சுருதி விஷயம் வேறு. உன்னுடையது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் மாடல் வகை, பிரிட்ஜின் தட்டை உடலோடு பிடிப்பது ஆறு திருகு. அவற்றை இறுக்கி வைத்திருந்தால் தட்டு அசையாமல் சிக்கும். சுரத்தை அசைக்கும் கைப்பிடியான ஆர்மை அழுத்தி விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பாது. ஓரத்து இரண்டு திருகும் தட்டைப் பிடிக்கட்டும், நடு நாலையும் அரைச் சுற்று தளர்த்து. ஆர்மைத் தொடுவதே இல்லை என்றால் ஐந்து ஸ்பிரிங்கும் மாட்டி, தட்டு மரத்தில் படியும்வரை பின்பக்கம் அந்த ஸ்பிரிங்குகளைப் பிடிக்கும் தகடான கிளாவின் திருகுகளை முறுக்கிவிடு. பாதித் தொல்லை அதிலேயே போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டுமா? அளக்காமல் காசு கொடுக்காதே. முதல் திருகின் மையத்திலிருந்து ஆறாவதன் மையம்வரை காலிப்பரில் பார். பழைய ஃபெண்டர் அளவு 56 மி.மீ. சொச்சம், ஆசியாவில் செய்யும் பல கிட்டார்களில் 52.5 அல்லது 54. "எல்லா ஸ்ட்ராட்டுக்கும் பொருந்தும்" என்று பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் வியாபாரப் பேச்சு. உடலின் தடிமனையும் குறித்துக்கொள். மெல்லிய உடலில், தட்டின் அடியில் இறங்கும் உலோகக் கட்டையான பிளாக் நீளமாக இருந்தால் பின்பக்கம் துருத்தும். கம்பியைப் பூட்டிவைக்கும் ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் ஆசை இப்போதைக்கு வேண்டாம். அதற்கு மரத்தைக் குடைய வேண்டும், கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் நட்டையும் மாற்ற வேண்டும்.

கழற்றும்போது கிளாவில் பற்றவைத்திருக்கும் எர்த் ஒயரை அறுத்துவிடாதே, ஆம்ப் இரையும்.

பொருத்தியதும் புதுக் கம்பி போட்டுச் சுருதி சேர். கழுத்தின் முதல் ஃபிரெட்டில் (குறுக்கே பதித்த உலோகக் கோடு) கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ மாட்டு. 17ஆம் ஃபிரெட்டுக்கு மேல் கம்பி 1.6 மி.மீ. உயரத்தில் இருந்தால் போதும். பிறகு 12ஆம் ஃபிரெட்டில் கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடு. அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னே தள்ளு, இறங்கியிருந்தால் முன்னே கொண்டுவா. ஒவ்வொரு திருப்பலுக்கும் மறுபடி சுருதி சேர்த்துவிட்டே பார். பழைய கம்பியில் இதைச் செய்வது வீண் வேலை.

நீ இருப்பது கடற்கரை ஊர். வாசித்ததும் உலர்ந்த துணியால் துடை. சேடில் திருகுகளில் ஊசிமுனையால் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடு, ஸ்பிரே அடிக்காதே. சேடில் திருகைத் திருப்பும் ஆறுமுகச் சாவியான ஆலன் கீ சரியாக உட்காராவிட்டால் திருப்பாதே. அமெரிக்க ஃபெண்டரில் 0.050 அங்குலம், இறக்குமதி வகைகளில் பெரும்பாலும் 1.5 மி.மீ. மாற்றிப் போட்டால் திருகின் வாய் வழுக்கிவிடும்.

அளவுகளை எழுதி அனுப்பு, எதை வாங்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா