இலியட் பாடம் எடுக்கப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

வரும் பருவத்தில் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ட்ராய்ப் போர்க் காவியமான இலியட் நடத்தும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதில் மிகுந்த மகிழ்ச்சி. 'பக்கத்துக்குப் பக்கம் குத்தும் வெட்டுமாக இருக்கிறதே அப்பா, பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், இல்லாவிட்டால் கொட்டாவி விடுவார்கள்' என்று எழுதியிருந்தாய். இரண்டும் நடக்கக்கூடியவைதான். ஆனால் அதற்குப் பயந்து போர்க்களக் காண்டங்களைச் சுருக்கிச் சொல்லிவிட்டு, ட்ராய் இளவரசன் ஹெக்டர் மனைவியிடம் விடைபெறும் இடத்துக்கும் அவன் தந்தை மன்னர் பிரியம் மகன் உடலைக் கேட்டு வந்து அழும் இடத்துக்கும் தாவிவிடாதே. நடுவில் செத்தவர்களைத் தெரியாதவனுக்குக் கடைசியில் அந்தக் கிழவர் அழுவதன் கனம் தெரியாது.

முதலில் புத்தகம். உரைநடைச் சுருக்கம் எதுவும் வேண்டாம். அடி எண் அச்சிட்ட முழு மொழிபெயர்ப்பு வேண்டும். லாட்டிமோரின் 1951 ஆங்கில மொழிபெயர்ப்பு மூலத்தின் அடிக்கணக்கை ஒட்டியே போகும், வகுப்பில் இடம் சுட்டுவதற்கு வசதி. மொத்தம் 24 காண்டங்கள், 15,600 அடிக்கு மேல். முழுவதையும் வகுப்பில் படிக்க முடியாது. 4ஆம் காண்டத்தின் கடைசி 100 அடி, 5ஆம் காண்டத்தின் முதல் 100 அடி, 6இன் தொடக்கம், 16ஆம் காண்டம் முழுக்க, 21இல் பிரியத்தின் இன்னொரு மகன் லைகேயன் சாகும் பகுதி, பிறகு 22, 24. இவ்வளவு போதும்.

சாவுகளைப் படிக்க ஒரு முறை உண்டு. பெயர் சொல்லப்பட்டுச் சாகிறவர்கள் மட்டும் இருநூற்றுக்கும் மேல். அவர்களில் பலருடைய சாவு மூன்று பகுதியாக அமைந்திருக்கும்: யார் யாரைக் கொன்றான்; செத்தவன் யார், எந்த ஊர், யார் பெற்றது; ஈட்டி எங்கே நுழைந்தது, எப்படி விழுந்தான். 4ஆம் காண்டம் 473 முதல் 489 வரை வரும் ட்ராய் இளைஞன் சிமோயிசியஸை எடுத்துக்கொள். 17 அடிதான். கிரேக்க வீரன் அஜாக்ஸ் அவனை அடித்தான் என்று தொடங்கியதும் ஹோமர் சண்டையை நிறுத்திவிடுகிறார். ஆட்டு மந்தையைப் பார்க்கப் பெற்றோரோடு போன ஒரு பெண், ஈடா மலையிலிருந்து இறங்கி வரும் வழியில் சிமோயிஸ் ஆற்றங்கரையில் இவனைப் பெற்றாள். அதனால்தான் அந்தப் பெயர். வளர்த்த கடனை அவன் தீர்க்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் ஈட்டி வருகிறது: வலது மார்புக் காம்பின் பக்கம் பாய்ந்து தோள் வழியாக வெளியே போகிறது. சதுப்பு நிலத்தில் வளர்ந்த நெட்டிலிங்கம் போன்ற பாப்லர் மரத்தை, தேர்ச்சக்கரத்துக்கு வட்டை வளைப்பதற்காகத் தச்சன் வெட்டிப்போட்டால் அது ஆற்றங்கரையில் காய்ந்து கிடக்குமே, அப்படிக் கிடக்கிறான். ஆற்றங்கரையில் பிறந்தவன் உவமையிலும் ஆற்றங்கரைக்கே வந்துவிட்டான். இதை நீயே எடுத்துச் சொல்லிவிடாதே. இரண்டு முறை சத்தமாக வாசிக்க வை, யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும்.

சுருக்கப் பதிப்புகள் கெடுக்கும் இடம் இதுதான். இடம் மிச்சம் பண்ண அவை வெட்டுவது இரண்டாம் பகுதியை. மிஞ்சுவது பெயரும் காயமும். பிறகு பிள்ளைகள் வீடியோ கேம் மாதிரி எண்ணத் தொடங்கிவிடுவார்கள், 'கிரேக்க வீரன் டையோமீடிஸ் கொன்றது எத்தனை பேர்' என்று. அப்படி எண்ணுகிறவனுக்கு 6ஆம் காண்டத்தில் டையோமீடிஸ் கொல்லும் ஆக்சிலஸைக் கொடு. பாதையோரம் வீடு, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சோறு போட்டவன். தின்றவர்களில் ஒருவர்கூட அன்று அவன் முன்னால் வந்து நின்று காப்பாற்றவில்லை என்கிறார் ஹோமர். எட்டே அடி.

காயங்களைக் கண்டு கூசவும் வேண்டாம், உடற்கூறு வகுப்பாக்கவும் வேண்டாம். 1879இல் ஃப்ரோலிஷ் என்ற ஜெர்மானிய ராணுவ மருத்துவர் இலியட்டின் காயங்களைக் கணக்கெடுத்து 147 என்றார். அதில் 106 ஈட்டிக் காயம். வாள் பட்ட 17 பேரும் பிழைக்கவில்லை. கணக்கு பயனுள்ளதுதான், ஆனால் ஹோமர் மருத்துவக் குறிப்பு எழுதவில்லை. ட்ராய் பக்கத்து வில்லாளி பாண்டரஸைப் பார். போர்நிறுத்தத்தை அம்பெய்து கெடுத்தவன் அவன். 5ஆம் காண்டத்தில் 'உன்னை விலாவில் அடித்துவிட்டேன், தீர்ந்தாய்' என்று டையோமீடிஸிடம் கூவுகிறான். பதிலுக்கு வந்த ஈட்டி கண்ணருகே மூக்கில் இறங்கி, பல்லைக் கடந்து, நாக்கை அடியோடு அறுத்து, தாடைக்குக் கீழே வெளிவருகிறது. தரையில் நிற்கிறவன் தேரில் நிற்கிறவன்மேல் எறிந்த ஈட்டி எப்படிக் கீழ்நோக்கிப் போகும் என்று பழைய உரைகாரர்களே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதீனா தேவி செலுத்தினாள் என்று பாட்டிலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால், பீற்றிய நாக்குக்கு ஈட்டி போகவேண்டியிருந்தது, போயிற்று.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல். இங்கே காயம் பட்டவன் உடனே சாவான், இல்லாவிட்டால் மருந்து போட்டுக்கொள்வான். கிரேக்கரின் தலைசிறந்த வீரன் அக்கிலீஸின் தோழன் பத்ரோக்ளஸ், யூரிபிலஸ் என்ற வீரனின் தொடையிலிருந்து அம்பை அறுத்தெடுத்து, வெந்நீரில் கழுவி, கசப்பு வேரைக் கசக்கி வைக்கிறான். புண் புழுத்து நாள்கணக்கில் துடிப்பவன் களத்தில் ஒருவனும் இல்லை. அப்படிப்பட்ட ஒரே ஆள் பாம்பு கடித்த பிலொக்டீடிஸ், அவனை லெம்னோஸ் தீவில் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். உண்மைப் போர் இப்படி இருக்காது. சாவைக் கூர்மையாகக் காட்டுவதற்காகக் கவிஞர் நோவை நீளவிடவில்லை.

நம் பிள்ளைகள் புறநானூற்றை நினைப்பார்கள், நினைக்கட்டும். ஈழத்து அறிஞர் கைலாசபதி பர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து 1968இல் நூலாக வெளியிட்டது இந்த ஒப்பீட்டைத்தான். 13ஆம் காண்டத்தில் கிரேக்கத் தலைவன் இடோமெனியஸ், 'உனக்கு அடிபட்டால் பிடரியிலோ முதுகிலோ படாது, மார்பிலோ வயிற்றிலோதான் படும்' என்று தன் தோழன் மெரியோனிஸிடம் சொல்லும் இடத்தை, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமானோடு சேர்த்து வாசிக்கலாம். அதோடு நிறுத்திக்கொள். எதிரி நாட்டவன் பிறந்த கதையை அவன் சாகும் கணத்தில் சொல்வது ஹோமரின் தனி வழக்கம். ஒப்புமையில் அது மறைந்துபோகக் கூடாது.

கொடுமை ஒரே அளவில் இருக்காது, ஏறிக்கொண்டே போகும். அதை அளக்க நல்ல வழி, உயிர்ப்பிச்சை கேட்பவர்களை வரிசையாகப் பார்ப்பது. 6இல் ட்ராய் வீரன் அட்ரஸ்டஸ்: கிரேக்க மன்னன் மெனெலாஸ் இரங்கப் போகிறான், அண்ணன் அகமெம்னான் வந்து, தாய் வயிற்றில் இருக்கும் ஆண்பிள்ளைகூடத் தப்பக்கூடாது என்கிறான். 11இல் இரண்டு சகோதரர்கள். ஒருவனுடைய கையையும் தலையையும் வெட்டி, முண்டத்தை உருட்டிவிடுகிறான் அதே அகமெம்னான். 21இல் லைகேயன். இலியட்டின் களத்தில் உயிர்ப்பிச்சை கேட்ட யாருக்கும் அது கிடைக்கவில்லை. ஆனால் முன்பு கிடைத்ததுண்டு: இதே லைகேயனை அக்கிலீஸ் ஒருமுறை பிடித்து நூறு மாட்டு விலைக்கு விற்றிருக்கிறான். மூன்று மடங்கு கொடுத்து மீண்டு வந்தவன், வீட்டில் இருந்தது 11 நாள். 12ஆம் நாள் மறுபடி அதே ஆளிடம் மாட்டுகிறான். 'பத்ரோக்ளஸே செத்தான், உன்னைவிட எவ்வளவோ மேலானவன். நானும் ஒருநாள் சாவேன்' என்று அக்கிலீஸ் சொல்வதை வெறும் கோபமாக வாசித்தால் தவறு. குரலை உயர்த்தாமல் வாசிக்கச் சொல்.

'ஹோமர் போரை ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா' என்று கட்டாயம் கேட்பார்கள். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடாதே. வெற்றியின் களிப்பையும் அவர் மறைக்கவில்லை, ஹெக்டர் செத்தது தெரியாமல் அவன் மனைவி ஆண்ட்ரோமகி அவனுக்கு வெந்நீர் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்ததையும் மறைக்கவில்லை. ட்ராய் நகரை வீழ்த்திய மரக்குதிரை எங்கே என்றும் கேட்பார்கள். அது இந்தக் காவியத்தில் இல்லை, ஒடிசியின் 8ஆம் காண்டத்திலும் வர்ஜிலின் ஈனியட் 2ஆம் காண்டத்திலும் இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிடு.

24ஆம் காண்டத்துக்கு இரண்டு வகுப்பு ஒதுக்கு. மகன்களைக் கொன்ற அக்கிலீஸின் கையைப் பிரியம் முத்தமிடும் இடத்தில் எல்லோரும் கலங்குவார்கள், அதற்கு உன் உதவி தேவைப்படாது. நீ நிறுத்தவேண்டிய இடம் 582 முதல் 586 வரை. ஹெக்டரின் உடலைக் கிழவர் கண்ணில் படாமல் தள்ளிவைத்துக் கழுவச் சொல்கிறான் அக்கிலீஸ். பார்த்தால் பிரியம் கோபத்தை அடக்கமாட்டார், அப்புறம் தானே அவரைக் கொன்றுவிடக்கூடும் என்று பயப்படுகிறான். சேர்ந்து அழுத பிறகும் இந்தப் பயம். தேர்வில் ஒரே கேள்வி கேட்பதானால் இந்த ஐந்து அடியைக் கொடுத்து, லைகேயன் பகுதியோடு ஒப்பிடச் சொல். திருத்தும்போது கதைச்சுருக்கம் எழுதியவருக்குப் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் போடாதே.

அன்புடன்,
அப்பா